முத்துவின் பாட்டு இல்லாத இசைத்தட்டு

இந்த மே மாதம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு முந்தைய வாரம், அப்பாவுடன் ஐந்து நாள் சைகோன் போய்வந்தேன். வரைபடத்தில் ஹோ சி மின் நகரம் என்று இருக்கும். அங்கே பேச்சில் பெரும்பாலும் சைகோன் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அப்பாவுக்கு தூ டுக் தொழிற்பூங்காவில் ஓர் இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்கும் வேலை. எனக்கு ஓர் இசைத்தட்டைக் கொண்டுபோய் ஒருமுறை ஓடவிட்டு, கீறல் விழாமல் திரும்பக் கொண்டுவரும் வேலை. சுலபமான வேலை என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

தட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். (இந்த வலைப்பதிவின் பழைய வாசகர்கள் ஒன்பது பேரும் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) அறுபதுகளின் இங்கிலாந்தில் ‘மாட்’ என்று ஓர் இளைஞர் கூட்டம் இருந்தது. ஒல்லியான சூட், நீளமான பச்சைக் கோட்டு, ஏகப்பட்ட கண்ணாடிகள் பொருத்திய இத்தாலிய ஸ்கூட்டர், கேட்பதற்கு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் இசை. பிறகு அது பழசாகிப் போனது. எழுபதுகளின் கடைசியில், பங்க் இசை கத்திக் களைத்திருந்த சமயம், தம்பிகள் அண்ணன்களின் அலமாரியைத் திறந்து அதே சூட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதுதான் மாட் மறுமலர்ச்சி. அப்படிக் கிளம்பிய குழுக்களில் ஒன்று ‘டென்பென்னி டைஸ்’. தென்கடற்கரைத் துறைமுக ஊர் ஒன்றைச் சேர்ந்த நான்கு பையன்கள். தேவாலயக் கூடத்தில் ஒத்திகை, மதுக்கடையின் பின்னறையில் முதல் கச்சேரி, ஒரே ஓர் இசைத்தட்டு, இரண்டு கோடைக்காலம் புகழ், பிறகு சண்டை. தமிழில் அவர்களைப் பற்றி எழுதும் ஒரே ஆள் அநேகமாக நான்தான். பேச்சுப் போட்டிப் பரிசுப் பணத்தில் அந்தத் தட்டைச் சென்னையில் ஒரு பழைய கடையில் வாங்கினேன்.

பிப்ரவரியில் லின் என்ற சைகோன் கல்லூரி மாணவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கணினி மொழிபெயர்ப்பில் என் பதிவுகளைப் படித்திருக்கிறார். அவர் சேர்ந்திருப்பது பழைய இத்தாலிய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களின் சங்கம். அதைத் தொடங்கியவர் பெயர் முத்து. அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாமியர். எண்பதுகளில், முத்து பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, பிரான்சிலிருந்த சித்தப்பா ஒரு கேசட் அனுப்பினாராம். பார்சலைப் பிரிப்பவர்கள் ஆங்கிலப் பெயர்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார்களோ என்று பயந்து, உள்ளிருந்த பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டார். ‘டென்பென்னி டைஸ், கேட்டுப் பார்’ என்று மட்டும் பிறகு ஒரு தனிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு முத்து வாழ்நாள் முழுவதும் அந்தக் குழுவின் ரசிகராக இருந்து, போன வருடம் இறந்துபோனார்.

மே மாதம் அவருடைய முதல் வருடத் திதி. அதை அங்கே ‘யோ’ என்கிறார்கள். இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டையும் பிடித்த பொருள்களையும் படத்துக்கு முன்னால் வைத்து, பிறகு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். முத்துவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தக் கேசட்டில் இருந்த ஒரு பாட்டு. அதை ஒருநாளாவது இசைத்தட்டில் கேட்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். “உங்களிடம் தட்டு இருக்கிறது. அவருடைய தங்கை ரொம்ப ஆசைப்படுகிறார். கொண்டுவர முடியுமா? குழுவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவும் முடியுமா?” என்று லின் எழுதியிருந்தார். அப்பாவின் வேலையும் அதே வாரத்தில் அமைந்தது. எந்தப் பாட்டு என்று நான் கேட்கவே இல்லை. தட்டில் பன்னிரண்டு பாட்டு இருக்கிறது, அதில் ஒன்றாகத்தானே இருக்கும்?

சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பயணம். மின்விசா ஆளுக்கு இருபத்தைந்து டாலர். தட்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, துண்டில் சுற்றி, கைப்பையில் செங்குத்தாக நிறுத்தி மடியிலேயே வைத்துக்கொண்டேன். படுக்க வைத்தால் வளையும், மேலே வைத்தால் யாராவது பெட்டியைத் திணிப்பார்கள், வெயில் பட்டால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். விமானம் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் தூங்கவில்லை.

“அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம்,” என்றார் அப்பா. “ஜன்னல் சீட்டா பாத்து.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்குப் போயிருந்தார், பிற்பகலில் லின் விடுதி வாசலுக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தூ டுக்கிலிருந்து நகர நடுவில் உள்ள பென் தான் சந்தைக்கு மெட்ரோவில் பதினெட்டாயிரம் டோங், நம் பணத்தில் அறுபது ரூபாய் போல. அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். பாதித் தூரம் ரயில் உயரத்திலேயே போவதால் ஆறு நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மே மாதத்தில் பகல் மூன்று மணிக்கு மேல் பெரும்பாலும் மழைதான், குறித்துக்கொள்ளுங்கள். லின் தன் மழைக்கோட்டைக் கழற்றித் தட்டுக்குப் போட்டுவிட்டார். நாங்கள் இருவரும் நனைந்துகொண்டே சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு சந்துக்குள் போனோம். சந்தின் கடைசியில் முத்துவின் தங்கை ஹோவா ஆன்ட்டியின் வீடு. கீழ்த்தளம் காப்பிக்கடை. நடுவில், நம் வீடுகளில் சோபா போடும் இடத்தில், முத்துவின் ஸ்கூட்டர் நின்றது. வெள்ளையும் நீலமுமாக, முன்னால் கொத்துக் கொத்தாகப் பதினான்கு கண்ணாடிகள். பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் ஒரு பாட்டின் பெயரும், அதன் கீழே ‘டென்பென்னி டைஸ்’ என்றும் எழுதியிருந்தது.

பாட்டின் பெயரைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. கேட்பதற்குள் ஹோவா ஆன்ட்டி வந்துவிட்டார்.

“வா வா. நனைஞ்சிட்டியா? சோய் ஓய்! தலைய துவட்டு. சளி பிடிக்கும். சொன்னா கேளு.”

அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் சின்ன வயதில் அவர் அப்பா அவரிடம் பேசியது மட்டும்தான். அதனால் யாரிடம் பேசினாலும் ஒரு தகப்பன் குழந்தையிடம் பேசுவது போலவே பேசுகிறார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தட்டை இரண்டு கையாலும் வாங்கி, உறையிலிருந்த நான்கு பையன்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். “மெர்சி. மெர்சி, கண்ணு. நாளைக்கு அவன் கேப்பான்,” என்றார். (மெர்சி என்றால் பிரெஞ்சில் நன்றி.) பிறகு, “உனக்கு முத்து பாட்டு போடறேன். உக்காரு,” என்று அந்தக் கேசட்டை எடுத்துப் பழைய பெட்டியில் போட்டார்.

முதல் பக்கத்தில் எல்லாம் எனக்குத் தெரிந்த பாட்டுகள். ஆனால் கொஞ்சம் அவசரமாக, அரைச் சுருதி மேலே ஓடின. பதிவு செய்த இயந்திரம் வேகம் பிசகியதாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டு தொடங்கியதும் ஹோவா ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். லின் மெல்ல என் காதில், “இதுதான்,” என்றார்.

நான் தலையாட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அது டென்பென்னி டைஸ் இல்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே பாட ஆரம்பித்துவிட்ட ஓர் அமெரிக்க சோல் பாடகருடையது. ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் விளக்கை அணைத்து, அந்தப் பாடகரின் தட்டை முழுவதுமாக ஓடவிட்டு, அது முடிந்த பிறகுதான் நால்வரும் மேடைக்கு வருவார்கள். அதைப் பாடும் துணிச்சல் அவர்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. ‘அவர்கள் பதிவு செய்யாத பாட்டு’ என்று நானே ஒரு பதிவு எழுதியிருக்கிறேன், அது லின் கண்ணில் படவில்லை போல. வயதான மனிதரின் தழுதழுத்த குரல் அது. கேசட் வேகமாக ஓடியதால் இங்கிலாந்துப் பையனின் குரல் போலக் கேட்டது.

அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாமே அப்படித்தான். இரண்டு அமெரிக்க சோல், இரண்டு ஜமைக்காவின் ஸ்கா, ஒன்று அறுபதுகளின் ஆங்கில பீட் குழு. கேசட்டைத் தயாரித்தவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார்: முன்பக்கத்தில் குழு, பின்பக்கத்தில் அந்தக் குழு எங்கிருந்தெல்லாம் எடுத்துக்கொண்டது என்பது. பெயர்ச்சீட்டு கிழிந்ததால் எல்லாம் ஒன்றாகிவிட்டது. நான் பேசவிருந்த பத்து நிமிடத்தை யாரோ நாற்பது வருடம் முன்பே ஒரு கேசட்டின் பின்பக்கத்தில் பேசி முடித்திருந்தார்.

மெட்ரோ நிலையத்துக்குத் திரும்பும் வழியில் லின்னிடம் சொன்னேன். (நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். என் தமிழில் தருகிறேன்.)

“நிச்சயமாவா?”

“நிச்சயமா. அந்தப் பாட்டு தட்டுல இல்ல. எந்த டென்பென்னி தட்டுலயும் இருக்காது.”

லின் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். “உனக்கு டாக்டர் தாம் கதை தெரியாதே. பல் டாக்டர். முத்துவும் அவரும் சேர்ந்துதான் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. அவர் ஒருநாள், ‘இது வேற குரல், இந்த ஆள் வயசானவன்’னு சொன்னார். முத்துவுக்குக் கோபம் வந்து, ‘வாய்க்குள்ள பாக்கறவனுக்குக் காது எதுக்கு’ன்னு கேட்டுட்டார். அதோட சரி. பன்னிரண்டு வருஷம் பேச்சு கிடையாது. சாவுக்கும் டாக்டர் தெருமுனைவரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டார்.”

“நாளைக்கு வருவாரா?”

“ஹோவா கூப்பிடல. அண்ணனுக்குப் பிடிக்காதுன்னு.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: “ஒண்ணு பண்ணலாம். தட்டு சும்மா சுத்தட்டும். பாட்டை என் போன்ல இருந்து ஸ்பீக்கர்ல விடறேன். யாருக்குத் தெரியும்?”

நான் முடியாது என்று சொல்லவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். சரி என்று தலையாட்டினேன். விடுதிக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர், “ஒரு மிஷின் ஓடுது, சத்தம் வேற மிஷின்லேர்ந்து வருதுன்னா எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு வேற,” என்று மட்டும் சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

புதன்கிழமை திதி பகல் பதினொன்றரைக்கு. அப்பா அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். நாங்கள் எட்டரைக்கே பென் தான் வந்துவிட்டதால் பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். சந்தையிலிருந்து நடந்தே போகலாம், கட்டணம் இல்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வியட்நாமியப் பெண்கள் கருவறைக்குப் பின்னால் உள்ள கல்சுவரில் நெற்றியை வைத்து, சுவரிடமே தங்கள் விஷயத்தைச் சொல்கிறார்கள். கோரிக்கை மட்டுமில்லை, செய்தியும் சொல்கிறார்கள் போலிருந்தது. ஒரு அம்மா வெகுநேரம், போனில் அக்காவிடம் பேசுவது மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். நானும் நெற்றியை வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது. தேர்வு முடிவைப் பற்றிச் சொல்லலாம் என்று போனவள், தட்டு வேறு பாட்டு வேறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்தபோது, இதைச் சுவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று பட்டது.

ஹோவா ஆன்ட்டி சமையலறையில் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பெரிய அண்டாவில் கோழிக்குழம்பு. சைகோன் திதிகளில் குழம்பும் நீளரொட்டியும் உண்டு. அப்பாவைப் பார்த்ததும், “நீ யாரு, இவ அப்பனா? கை கழுவினியா? போ, கழுவிட்டு வா,” என்றார். நாற்பத்தெட்டு வயது அப்பா மறுபேச்சில்லாமல் கழுவப் போனார்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் தமிழ் எந்த அளவு புரிகிறது என்று தெரியாததால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ரொட்டியையும் அறுக்கவில்லை.

“அப்போ அவன் பொய் சொன்னானா?”

“இல்ல ஆன்ட்டி. பொய் இல்ல. தப்பா நெனச்சிட்டாரு. கேசட்டுல பேரே இல்லையே.”

“தாம் சொன்னது நிஜமா?”

“ஆமா.”

குழம்பு கொதித்துப் பொங்கியது. அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு, முதுகைத் திருப்பியபடியே, “அந்தப் பாட்டு நாளைக்கு கேப்பான்னு நேத்து அவன்கிட்ட சொல்லிட்டேன்,” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தவர், “அழாதே. மூக்க தொடை,” என்றார். “என்கிட்ட சொல்லிட்டே. எனக்கு எதுக்கு? அவன் பாட்டு. அவன்கிட்ட சொல்லு.”

அப்போது உள்ளே வந்த லின் அந்த வழக்கத்தை விளக்கினார். சாப்பாட்டைப் படைத்ததும் ஊதுபத்தி ஏந்தி, இறந்தவரிடம் வீட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, கடை எப்படி நடக்கிறது என்று எல்லாம். முக்கியமான செய்தியை மறைத்துவிட்டுப் படைக்கக் கூடாது. “உன் பத்து நிமிஷப் பேச்சு படத்துக்குத்தான்,” என்றார் லின். அதற்குள் ஹோவா ஆன்ட்டி போனை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போய்விட்டார். யாருக்கு என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

பதினொன்றரைக்கு வீடு நிறைந்திருந்தது. சந்தில் ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. படத்தில் முத்து ஒல்லியான சூட்டும் கறுப்பு டையும் போட்டு, பல் தெரியாமல் முறைத்துக்கொண்டிருந்தார். எதிரே குழம்பு, ரொட்டி, பழங்கள், ஒரு பீர், என் இசைத்தட்டு. கடைசியாக, உயரமாக ஒருவர் வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். டாக்டர் தாம்.

மூன்று ஊதுபத்திகளோடு படத்துக்கு முன்னால் நின்றேன். புகை கண்ணில் ஏறியது. தயாரித்து வந்த ஆங்கிலப் பேச்சு முழுவதும் மறந்துபோனது. முத்துவுடைய அப்பாவின் மொழி என்பதால் தமிழிலேயே சொன்னேன். புரியாததை ஹோவா ஆன்ட்டி அவருக்குப் புரியவைக்கட்டும்.

“முத்து அங்கிள், வணக்கம். நான் கயல்விழி, சென்னையிலேர்ந்து வந்திருக்கேன். உங்க குழுவோட தட்டு இதுதான். கிட்டார் வேகம் பங்க்லேர்ந்து வந்தது. பாஸ் கிட்டார் வாசிக்கிறவரு அமெரிக்க சோல் தட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டாரு. நடுவுல நடுவுல தாளத்தை மாத்திப்போட்டு வெட்டறாங்களே, அது ஜமைக்காக்காரங்ககிட்டேர்ந்து எடுத்தது. அவங்க ஒண்ணையும் மறைக்கல. யார்கிட்ட எடுத்தோம்னு மேடைக்கு மேடை சொன்னாங்க. உங்க பாட்டு அவங்க பாடினது இல்ல, அங்கிள். அவங்க ஒவ்வொரு நாளும் மேடை ஏறுறதுக்கு முன்னாடி இருட்டுல நின்னு கேட்ட பாட்டு. அவங்களுக்கும் அதுதான் ரொம்பப் பிடிச்ச பாட்டு. நீங்க தப்பா கேக்கல. பேருதான் தப்பு. டாக்டர் சொன்னது சரி. மன்னிச்சிடுங்க.”

ஹோவா ஆன்ட்டி அதை எல்லோருக்கும் வியட்நாமிய மொழியில் சொன்னார். சிலர் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் வாசலை. பிறகு யாரோ தட்டை ஓடவிட்டார்கள். ஊசி இறங்கி முதல் பாட்டு தொடங்கியதுமே பின்வரிசையிலிருந்து சத்தம்: “மெதுவா ஓடுது! மோட்டார் கெட்டுப்போச்சா?” அவர்களுக்குத் தெரிந்தது அந்த அவசரக் கேசட்தான். அதுதான் சரியான வேகம் என்று லின் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அதன் பிறகு கேசட்டில் முத்துவின் பாட்டைப் போட்டார்கள். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. இறந்தவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரிந்துகொள்ள, ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிய இரண்டு பழைய காசுகளை ஒரு பீங்கான் தட்டில் போடுகிறார்கள். ஒன்று வெள்ளை ஒன்று கறுப்பு என்றால் சம்மதம். இரண்டும் கறுப்பு என்றால் மறுப்பு. ஹோவா ஆன்ட்டி காசுகளை டாக்டரிடம் நீட்டினார். அவர் படியை விட்டு உள்ளே வந்து, படத்திடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போட்டார். காசுகள் சுழன்று விழுந்தன. நான் பார்க்காமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீடே சிரித்தது. இரண்டும் வெள்ளை.

“அப்படின்னா?”

“அவர் சிரிக்கிறார்,” என்றார் லின். “சிரிச்சா பதில் இல்ல. மறுபடி போடணும்.”

டாக்டர் காசுகளை எடுத்தார். போடவில்லை. மடித்த கைக்குட்டைக்குள் வைத்து ஹோவா ஆன்ட்டியிடம் கொடுத்து ஏதோ சொன்னார். லின் எங்களுக்குச் சொன்னார்: “‘எப்பவும் இவன் இப்படித்தான். தோத்தா சிரிப்பான், ஒத்துக்க மாட்டான். விடு, பசிக்குது.’”

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இசைத்தட்டு கொண்டுபோனால் இரண்டு அட்டை, ஒரு துண்டு, ஒரு பெரிய பிளாஸ்டிக் பை அவசியம். மே மாதத்தில் பிற்பகல் வேலைகளைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நகர மையமான முதலாம் மாவட்டத்துக்குள் செயலி மூலம் அழைக்கும் பைக் முப்பதாயிரம் டோங்குக்குள் முடியும், தலைக்கவசம் அவர்களே தருவார்கள். திதிக்கு அழைத்தால் பழங்கள் வாங்கிப் போங்கள். சொல்ல வேண்டிய சங்கதி ஏதாவது இருந்தால் படைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் பயம் உடனே போகாது. எனக்குக் குழம்பு சாப்பிட்ட பிறகுதான் போனது. தேர்வு முடிவு இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

கிளம்பும்போது டாக்டர் தாம் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் குந்தி, அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருக்கும் பெயரை அழித்துவிட்டு அந்த அமெரிக்கரின் பெயரை எழுதட்டுமா என்று ஹோவா ஆன்ட்டியிடம் கேட்டாராம். ஆன்ட்டி பதிலைத் தமிழில், என்னைப் பார்த்துச் சொன்னார்.

“வேண்டாம்னு சொல்லு. வண்டி அவனோடது. தப்பும் அவனோடது. அப்படியே ஓட்டச் சொல்லு.”

பிறகு சாவியை எடுத்து டாக்டரிடம் கொடுத்தார்.